ஒரே கொடி, இரண்டு ஊர்: எந்த ரோஜாவுக்கு வீரியம் அதிகம்?

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ரோஜாக் கொடி பன்னிரண்டு வாரத்தில் 118 சென்டிமீட்டர் வளர்ந்தது. அதே தாய்ச்செடியிலிருந்து அதே நாளில் வெட்டிய இன்னொரு குச்சி, கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் இருக்கும் அத்தை வீட்டு வேலியோரம் நடப்பட்டது. அது அதே பன்னிரண்டு வாரத்தில் வளர்ந்தது 72 சென்டிமீட்டர். குடும்ப வாட்சாப் குழுவில் இரண்டு எண்களையும் போட்டு, கீழே ஒரு வெற்றிக் கோப்பைப் படத்தையும் ஒட்டினேன். மலைக் குளிரையே தோற்கடித்துவிட்டோம் என்று எனக்கு நினைப்பு.

அத்தை ஒரே வரியில் பதில் போட்டார்: "பூ எத்தனை?"

எங்கள் கொடியில் ஒரு மொட்டுகூட இல்லை. அவர் கொடியில் ஆறு பூ பூத்து உதிர்ந்திருந்தது.

இந்த அளவெடுக்கும் வேலை விளையாட்டுக்காகத் தொடங்கியதல்ல. என் பாட்டி இளமையில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். பிறகு தானா ராத்தாவில் ஒரு வாடகை வீட்டில் பல வருடம் இருந்தார். அந்த வீட்டின் பின்சுவர் முழுக்க இளஞ்சிவப்பு ரோஜாக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. தோட்டத்துக் கிராணி வீட்டிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கி வந்து நட்டது என்பதால், பாட்டி அதற்கு வைத்த பெயர் "கிராணி வீட்டு ரோஜா". சென்ற ஆண்டு முழங்கால் வலி அதிகமாகி, படி ஏற முடியாமல் போனதும் பாட்டி எங்களோடு கிள்ளானுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் அந்தப் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். சுவரோடு கொடியும் போய்விடும்.

நானும் அப்பாவும் போய் ஐந்து குச்சிகள் வெட்டினோம். மூன்றைக் கிள்ளானுக்குக் கொண்டு வந்தோம், இரண்டை அத்தையிடம் கொடுத்தோம். எங்கள் மூன்றில் இரண்டு, பதினைந்து நாளில் அடிப்பகுதி கறுத்து அழுகிவிட்டன. மிஞ்சியது ஒன்று. அதுவும் போனால் பாட்டி முகத்தைப் பார்க்க முடியாதே என்று அம்மா ஒரு நர்சரிக்குப் போய், கொடியாகப் படரும் 'ஐஸ்பெர்க்' என்ற வெள்ளை ரோஜா ஒன்றையும் வாங்கி வந்து வைத்தார். பாட்டி அதைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். நாற்காலியை மட்டும் சின்னக் குச்சியின் பக்கமே போட்டுக்கொண்டார்.

ஆக, என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று செடிகள்: கிள்ளான் குச்சி, பிரிஞ்சாங் குச்சி, நர்சரி ஐஸ்பெர்க். ஞாயிறுதோறும் தையல் டேப்பால் அளந்தேன். மலையில் அத்தை மகன் அளந்து அனுப்பினான். உயிரியல் படிக்கிறவள் என்ற நம்பிக்கையில் கேள்வியை மிக எளிமையாக வைத்துக்கொண்டேன்: எதற்கு வீரியம் அதிகம்? நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

கொடி என்கிறோம், உண்மையில் கொடியா?

பாகற்கொடிக்குச் சுருள் கம்பி இருக்கிறது. அவரை, தானே கம்பத்தைச் சுற்றும். ரோஜாவுக்கு இரண்டும் கிடையாது. அதனிடம் இருப்பது நீண்டு வளையும் தண்டும், கீழ்நோக்கி வளைந்த முள்ளும்தான். காட்டில் அது பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து, முள்ளைக் கொக்கியாக மாட்டி, அடுத்த கிளைக்குப் போகும். மியன்மார் மலைகளிலும் இந்தியாவின் மணிப்பூரிலும் வளரும் 'ரோசா ஜிகான்டியா' என்ற காட்டு ரோஜா இப்படியே உயரமான மரங்களின் தலை வரைக்கும் ஏறிவிடும். வீட்டில் மரம் இல்லாததால் நாம் கம்பி கட்டுகிறோம், கயிற்றால் பிணைக்கிறோம்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, ஏறுவதற்கும் பூப்பதற்கும் உள்ள இழுபறி. பழைய காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே ஒரு பருவம்தான் பூக்கும். மற்ற நாளெல்லாம் நீளும். வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம், சீனாவில் வளர்த்த ரோஜாக்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குப் போன பிறகு அங்குள்ள வகைகளில் கலந்தது. அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்பதை 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ரோஜாவில் 'கேஎஸ்என்' என்ற ஒரு மரபணு உண்டு. அதன் வேலை, "இப்போது பூக்காதே" என்று தடுப்பது. சீன ரோஜாக்களில் இந்த மரபணுவின் நடுவே, இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்துகொண்டது. தடை வேலை செய்யவில்லை, செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தளிரின் நுனியும் பூவில் முடிந்துவிடுவதால் செடியும் குட்டையாக, புதராக நிற்கிறது.

எப்போதாவது அந்தத் துண்டின் பெரும்பகுதி கழன்று விடும். அப்போது தடை மறுபடியும் வேலை செய்யத் தொடங்கும். அந்தக் கிளை பூப்பதை ஒத்திப்போட்டு, நீண்டுகொண்டே போகும். தோட்டக்காரர்கள் அதை வெட்டி ஒட்டி, 'இதே ரோஜாவின் கொடி வகை' என்று விற்பார்கள். புதராக வளரும் சில பெயர்பெற்ற ரோஜாக்களுக்குக் கொடி வகையும் இருப்பதற்கு இப்படித் திடீரென மாறிய கிளைகளே காரணம். ஐஸ்பெர்க்கும் அப்படித்தான். புதராக நிற்கும் ஐஸ்பெர்க்கை ஜெர்மனியின் கார்டெஸ் நிறுவனம் 1958-ல் வெளியிட்டது, கொடி வகை 1968-ல் வந்தது.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1910-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற கொடி ரோஜா வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் ஒரு கிளை திடீரென்று மாறி, திரும்பத் திரும்பப் பூக்கத் தொடங்கியது. 1930-ல் அதற்கு 'நியூ டான்' என்று பெயர் வைத்தார்கள். 1931-ல் அமெரிக்கா தாவரங்களுக்குக் காப்புரிமை கொடுக்கத் தொடங்கியபோது, முதல் எண் காப்புரிமை இந்த ரோஜாவுக்குத்தான் போனது. தாய்ச்செடியைவிட இதற்கு வீரியம் சற்றுக் குறைவு என்பார்கள். அந்தக் காப்புரிமையில் பெருமையாகச் சொல்லப்பட்டது நீளம் அல்ல, தொடர்ந்து பூப்பது.

அத்தையின் ஒரு வரிக் கேள்வியில் இவ்வளவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

118 சென்டிமீட்டரில் என்ன இருந்தது

வாட்சாப்பில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, அந்த வாரம் நான் நீளத்தை மட்டும் அளக்கவில்லை. கணுக்களை எண்ணினேன். இலை புறப்படும் இடம்தான் கணு. எங்கள் கொடியில் 19, மலைக் கொடியில் 18. கிட்டத்தட்ட சமம்! அப்படியானால் எங்களுக்கு அதிகமாகக் கிடைத்த 46 சென்டிமீட்டரும் எங்கே இருக்கிறது? கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே. எங்கள் கொடியில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டர். மலையில் 4.

தண்டின் தடிமனையும் ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கிய வெர்னியர் அளவியால் பார்த்தேன். 4 மில்லிமீட்டர். மலையில் 7. அடியிலிருந்து புறப்பட்ட புதுத் தண்டுகள்: எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு நான்கு. தண்டில் இன்னும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்த இலைகள்: எங்களுக்கு 9, அவர்களுக்கு 17.

செடி ஓங்கி வளரவில்லை. வெளிச்சம் தேடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இதற்குக் காரணம் என் வேலைதான். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும் என்று, கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் தொட்டியை வைத்திருந்தேன். காலையில் இரண்டு மணி நேரம் வெயில் படும். பிறகு நாள் முழுக்க நிழல். ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அருகில் வேறு இலைகள் மறைக்கும்போது செடிக்கு அது தெரிந்துவிடும். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தொலைச்சிவப்பு ஒளியைத் தப்பவிடும். எங்கள் வீட்டில் பாட்டியின் கறிவேப்பிலைத் தொட்டியும் அம்மாவின் பாண்டான் புதரும் ரோஜாவைச் சுற்றி நின்றன. சிவப்பு குறைந்து தொலைச்சிவப்பு மிகுந்தால், "மேலே யாரோ மறைக்கிறார்கள், சீக்கிரம் நீளு" என்று செடியின் நிறமிப் புரதம் கட்டளை போடும். மொத்த வெளிச்சமும் குறைவு என்பதால், நீள்வதற்குத் தேவையான உணவும் போதாது. கிடைத்த கொஞ்சத்தை மெல்லிய தண்டாக இழுத்து நீட்டும். என் டேப்புக்கு அது வீரியமாகத் தெரிந்தது.

படிவம் ஐந்தில் இதைப் படித்தேன். தேர்வில் சரியாகவே எழுதினேன். வீட்டு வாசலில் பன்னிரண்டு வாரம் கண்ணெதிரே நடந்தபோது தெரியவில்லை.

வெயிலுக்கு மாற்றினால் தீர்ந்துவிடுமா?

ஓரளவுதான். கிள்ளான் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் மலை எங்களைவிடச் சுமார் 9 பாகை குளிர்ச்சி. பகல் நீளத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், மலையிலும் கீழேயும் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் அரை மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு.

வித்தியாசம் இரவில் இருக்கிறது. செடி பகலில் சர்க்கரை தயாரிக்கும், இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கும். இரவு வெப்பமாக இருந்தால் சுவாசம் வேகமாகி, பகலில் சேர்த்ததில் பெரும்பங்கு எரிந்துவிடும். மலையில் இரவுக் குளிர் அந்தச் செலவைக் குறைத்துவிடுகிறது. மிச்சம் தண்டின் தடிமனுக்கும் புதுத் தளிருக்கும் பூவுக்கும் போகிறது. வெப்பத்தில் மொட்டு சீக்கிரம் முதிர்ந்து விரியும். ஆனால் அவசரமாக முதிர்ந்ததால் பூ சிறிதாக இருக்கும், இதழ் குறையும், நிறமும் வெளுக்கும். கேமரனுக்குச் சுற்றுலா போய், கைநிறைய பூவோடு ஒரு ரோஜாத் தொட்டி வாங்கி வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அடுத்த பூ பொத்தான் அளவுக்கு வரும்போது "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்போம். பாவம், கடைக்காரர் கொடுத்தது அதே செடிதான்.

மண்ணும் வேறு. எங்கள் தாமானில் வீட்டுக்காகக் கொட்டி நிரப்பிய செம்மண்ணைத் தோண்டினால் கட்டி கட்டியாக வரும், மழை பெய்தால் நீர் தேங்கும். நம் நாட்டின் தாழ்நில மண்ணில் பெரும்பகுதி புளிப்பு அதிகம், அமிலநிலை 4-க்கும் 5-க்கும் இடையில். ரோஜாவுக்குப் பிடித்தது 6 முதல் 6.5. தோட்டக்கலைக் கடையில் விற்கும் டோலமைட் சுண்ணாம்பைக் கொஞ்சம் கலந்து, மணலும் மக்கிய உரமும் சேர்த்த பிறகுதான் தண்ணீர் இறங்கியது.

பிறகு கரும்புள்ளி நோய். இலையில் கறுப்பு வட்டம் விழுந்து, சுற்றி மஞ்சளாகி, உதிரும். அந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து உள்ளே புக, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பு முடிந்து வந்து, மாலை ஏழு மணிக்கு, தலையோடு தண்ணீர் ஊற்றினேன். விடிய விடிய இலை ஈரம். பூஞ்சைக்கு நானே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன். மலையும் இதற்கு விலக்கல்ல, அங்கே மழையும் மூடுபனியும் அதிகம். ஆனால் அத்தை காலையில், அடியில் மட்டும்தான் ஊற்றுவார். அவர் வேலி திறந்தவெளி, காற்று வந்து இலையை உலர்த்திவிடும். ஆகவே 17 இலைக்கும் 9 இலைக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு குளிரின் பங்கு, எவ்வளவு என் குவளையின் பங்கு என்று பிரிக்க முடியாது. ஒரே சமயத்தில் நான்கு விஷயம் மாறியிருந்தால் எதன் மேல் பழி போடுவது?

ஐஸ்பெர்க்கின் வேகம்

இதற்கு நடுவே நர்சரி ஐஸ்பெர்க் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியது. ஏழாவது வாரம் அடியிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. பளபளப்பான வெளிர்பச்சை, வாரத்துக்கு ஒரு சாண் வேகம். நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். "பணம் கொடுத்து வாங்கினது பணம் கொடுத்து வாங்கினதுதான்" என்றார் அம்மா, பாட்டி காதில் விழாமல்.

பதினோராவது வாரம் பாட்டி கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து, அந்தத் தண்டின் இலையைத் திருப்பிப் பார்த்தார். "இது வேற செடிம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே தொட்டி, ஒரே அடி. ஆனால் இலையை எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. மேலே இருந்த பழைய கிளைகளில் ஓர் இலைக்கு ஐந்து முதல் ஏழு சிற்றிலை. புதுத் தண்டில் ஏழு முதல் ஒன்பது. காம்பின் அடியில் இருக்கும் இலையடிச் செதில், பழைய கிளையில் ஓரம் வழுவழுப்பு. புதுத் தண்டில் சீப்புப் பல்போல் கிழிந்து தொங்கியது. அந்தச் சீப்புப் பல் 'ரோசா மல்டிஃபுளோரா'வின் அடையாளம்.

நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. கீழே வேர் ஒரு செடி, மேலே பூ வேறு செடி. வலுவான வேருக்காகப் பல இடங்களில் மல்டிஃபுளோராவை அடிச்செடியாக வைத்து, அதன் மேல் நமக்கு வேண்டிய ரோஜாவின் மொட்டை ஒட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து அடிச்செடி சொந்தமாகத் தளிர்விட்டால், வேர் கொடுக்கும் உணவில் பெரும்பகுதியை அது இழுத்துக்கொள்ளும். விட்டுவைத்தால் கடைசியில் மேலே இருப்பது நலிந்துபோகும். ஐந்து வாரமாக நான் ஐஸ்பெர்க்கின் வீரியம் என்று எழுதி வைத்தது முழுக்க மல்டிஃபுளோராவின் கணக்கு. மண்ணை விலக்கி, தண்டு புறப்பட்ட இடத்தோடு பிய்த்து எடுத்தேன். வெட்டினால் மறுபடி தளிர்க்கும், பிய்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்த எண்களை நோட்டில் குறுக்கே கோடிட்டு அடித்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பாட்டியின் குச்சி தன் சொந்த வேரில் நிற்கிறது. முதல் வருடம் வேர் போடுவதிலேயே அதன் உழைப்பு போய்விடும். ஐஸ்பெர்க் ஏற்கெனவே வளர்ந்த, வேறொருவரின் வேரில் சவாரி செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது வேகம் என்று கேட்டதே சரியான போட்டி கிடையாது.

முறையாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் 'ஏடிஆர்' என்று ஒரு ரோஜாத் தேர்வு இருக்கிறது. புது வகைகளை நாட்டின் பல ஊர்களில் நட்டு, மூன்று வருடம் பார்க்கிறார்கள். பூச்சி மருந்தோ பூஞ்சை மருந்தோ தெளிப்பதில்லை. நோய் தாங்கும் சக்தி, பூ, வளர்ச்சி, குளிர் தாங்குவது என்று பலவற்றுக்கும் மதிப்பெண். நான் இரண்டு ஊரில், பன்னிரண்டு வாரம், ஒரு டேப். அதுவும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் செடி ஜெர்மனியின் குளிர்காலத்துக்கு. கிள்ளானுக்கு யார் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள்?

கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்பவர், இந்திய ஆட்சிப் பணியை விட்டு வந்து, மனைவி கிரிஜாவுடன் பல பத்தாண்டுகளாக இதற்காகவே புது ரோஜாக்களை உருவாக்கியிருக்கிறார். குளிர்நாட்டு ரோஜாவை வெப்ப நாட்டுக்குக் கொண்டு வந்து வதைப்பதைவிட, வெப்பத்தில் பிறந்த ரோஜாவையே பெற்றோராக வைக்கலாமே என்பது அவர் எண்ணம். முன்பு சொன்ன ரோசா ஜிகான்டியாவையும், நீர்நிலையோரம் வளரும் 'ரோசா க்ளைனோஃபில்லா' என்ற இந்தியக் காட்டு ரோஜாவையும் கலப்பினத்துக்கு எடுத்துக்கொண்டார். நீர் தேங்கும் என் தாமான் மண்ணை நினைத்தபோது, நீரோரத்து ரோஜாவின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

நீளத்தைப் பற்றிக் கடைசியாக ஒரு செய்தி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூம்ஸ்டோன் என்ற ஊரில், 1885-ல் நட்ட ஒரு 'லேடி பேங்க்ஸ்' ரோஜாக் கொடி, பந்தல் போட்ட முற்றத்தில் சுமார் 8,000 சதுர அடிக்குப் படர்ந்து நிற்கிறது. உலகிலேயே பெரிய ரோஜா என்று அதைச் சொல்கிறார்கள். அது பூப்பது வருடத்தில் ஒரே ஒரு பருவம், வசந்தத்தில் சில வாரம் மட்டும்.

படுக்க வை

தொட்டியைக் கிழக்கு வேலியோரம் மாற்றினோம். அங்கே காலையிலிருந்து பிற்பகல் வரை வெயில். அதற்குப் பிறகும் அந்தக் கொடி ஒற்றை ஈட்டிபோல் நேராக மேலே போனது, பக்கத்தில் ஒரு தளிர் இல்லை. நைட்ரஜன் உரம் இன்னும் கொஞ்சம் போடலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, பாட்டி வேலிக்கு அருகில் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"கொழுந்து எதுக்குக் கிள்ளுறோம்?" என்று கேட்டார்.

"தேத்தண்ணிக்கு."

"அது கம்பெனிக்கு. செடிக்கு?"

நுனியைக் கிள்ளினால் பக்கத்துக் கணுக்கள் தளிர்க்கும், விட்டுவிட்டால் தேயிலை மரமாகப் போய்விடும் என்று அவரே சொன்னார். இளம் தேயிலைக் கிளைகளை வளைத்து, முளையடித்துப் படுக்க வைப்பதையும் தோட்டத்தில் பார்த்திருக்கிறார். தானா ராத்தா சுவரில் ரோஜாவையும் அப்படியே விசிறிபோல் இரு பக்கமும் சாய்த்துத்தான் கட்டினாராம். நான் எத்தனையோ முறை அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறேன். தண்டுகள் படுத்திருந்ததைக் கவனித்ததே இல்லை.

பாடப்புத்தகம் இதை நுனி ஆதிக்கம் என்கிறது. தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கி, பக்கக் கணுக்களில் உறங்கும் மொட்டுகளை அடக்கி வைக்கும். தண்டு நேராக நிற்கும்வரை நுனியே ராஜா. கிடையாகச் சாய்த்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்து, தண்டு நெடுக மொட்டுகள் கண் விழிக்கும். கொடி ரோஜாவில் பூக்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பக்கத் தளிர்களின் முனையில்தான் வரும். ஆக, நீளத் தண்டு என்பது பூ அல்ல, பூவைத் தாங்கும் கட்டில்.

ஒரே நாளில் வளைத்தால் முறிந்துவிடும். பாட்டி சொன்னபடி, மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, பழைய துணிக் கிழிசலால் வேலிக் கம்பியில் கட்டினேன். நான்காவது வாரம் ஐந்து கணுக்களில் சிவப்புத் தளிர் எட்டிப் பார்த்தது. அடியிலிருந்தும் ஒரு புதுத் தண்டு வந்தது. இந்தமுறை இலையடிச் செதிலைப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதினேன். சொந்த வேர்ச் செடிக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

அதே நாட்களில் அத்தை ஒரு படம் அனுப்பினார். தானா ராத்தா வீட்டின் பின்சுவர் இருந்த இடத்தில் செங்கல் குவியல், பக்கத்தில் ஒரு மண்வாரி இயந்திரம். குவியலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாட்டியிடம் காட்டலாமா வேண்டாமா என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டியே போனை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டார்.

முதல் பூ ஒரு செவ்வாய்க்கிழமை விரிந்தது. நான் விரிவுரைக்குப் போயிருந்தேன், அம்மா படம் அனுப்பினார். மலைப் பூவில் பாதி அளவு. இளஞ்சிவப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு வெளிறல். மாலையில் நான் வீடு திரும்பியபோது இதழ் தளர்ந்திருந்தது. பாட்டி அதைப் பறிக்காமல், தண்டை மட்டும் தன் பக்கம் சாய்த்து முகர்ந்தார்.

"பூ அது இல்ல," என்றார். மறுபடியும் முகர்ந்து, "வாசம் அதுதான்."

இப்போது நோட்டில் நீளத்துக்கு ஒரு பத்தி மட்டும்தான் வைத்திருக்கிறேன். தடிமன், அடியிலிருந்து வந்த புதுத் தண்டு, விழாமல் நிற்கும் இலை, பூ எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. மலையிலும் கீழேயும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தண்ணீர் ஊற்றுவது என்று அத்தையோடு ஒப்பந்தம். வாட்சாப் குழுவில் கோப்பைப் படம் போடுவதற்கு எனக்குத் தடை.

பக்கத்து வீட்டு மக்சிக் ஒரு குச்சி கேட்டிருக்கிறார். பாட்டி இன்னும் கொடுக்கவில்லை. தண்டு பென்சில் தடிமனுக்கு வரட்டும், அதற்கு முன்னால் வெட்டினால் அழுகிவிடும் என்கிறார். போன ஞாயிறு அளந்தேன். 6 மில்லிமீட்டர். பென்சிலையும் அளந்து பார்த்தேன், 7.